எத்தனை நாள் வைத்திருக்கும்?

மாடி வீட்டுச் சாப்பாட்டில் உப்பு நின்றுபோய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. டாக்டர் உப்பை நிறுத்தச் சொன்னது தங்கச்சிக்கு மட்டும்தான். ஆனால் அக்கா ஒரே அடுப்பில் இரண்டு ருசி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "அவ தட்டுல மட்டும் சப்புன்னு இருந்தா, மத்தவங்க ருசியாத் தின்னுறதை அவ பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? எல்லாருக்கும் ஒண்ணுதான். புடிச்சா சாப்பிடுங்க, புடிக்கலைன்னா தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றாள். சோறும் கீரையும் அவித்த முட்டையும் எங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி காகிதத்தை மென்றதுபோல் இறங்கின. ஸ்கேல் மட்டும் தன் மேசை இழுப்பறையில், குண்டூசி டப்பாவுக்குள், ஒரு பிடி உப்பு ஒளித்து வைத்திருந்தான். சாப்பிட வருமுன் இரண்டு விரலில் கிள்ளிக்கொண்டு வந்து, அக்கா திரும்பும் நேரம் பார்த்துச் சோற்றில் உதறிக்கொள்வான். எனக்கும் பங்கு உண்டு.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்தில், வீட்டு வரைபடங்களைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொடுக்கும் கடை என்னுடையது. மேலே முன்பக்கம் இன்ஜினியரின் ஆபீஸ், பின்பக்கம் அவருடைய குடும்பம். நடுவில் ஒரு கதவு இருக்கிறது. அது சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் போட்டுக் கொடுப்பது இன்ஜினியரின் தொழில். அவர் மனைவியைத் தங்கச்சி என்று நான் கூப்பிட ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த முறையில் அவர் எனக்கு மச்சான். அக்கா என்பது இன்ஜினியரின் மூத்த சகோதரி. அடுப்பும் வீடும் அவள் ஆட்சி. ஸ்கேல், ஆபீசில் படம் வரைகிறவன். நெடுநெடுவென்று கோணாமல் நிற்பான், அதனால் அந்தப் பெயர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் பெயர் போகவில்லை. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். மதியம் எனக்கும் தட்டு மாடியில்தான். குடும்பம் இல்லாதவனுக்கு அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்க நேரம் நிறைய இருக்கும். அந்த விஷயத்தில் நான் சோம்பேறித்தனம் காட்டியதே இல்லை.

தங்கச்சிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மாடிக்கு இருபத்தாறு படி. முதலில் கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள், பிறகு பதினாறாவது படியில், பிறகு என் கடை வாசலிலேயே ஸ்டூல் கேட்டு உட்கார்ந்தாள். வயசு என்று நாங்கள் எல்லாரும் சமாதானம் சொன்னோம். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மார்பைத் திறந்து சரிசெய்ய வேண்டும் என்று அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி குறித்துவிட்டார். பத்து நாள் ஆஸ்பத்திரி. அப்புறம் வீட்டில் படுக்கை. எல்லாம் சேர்த்து மூன்று மாதம் ஆபீஸ் நாற்காலியில் உட்காரவே கூடாது.

இன்ஜினியர் ஆபரேஷன் என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார். "அந்த வேலை" என்பார். "பதினெட்டாம் தேதி அந்த வேலை இருக்குல்ல, அதுக்குள்ள இதை முடிச்சுடணும்" என்று, யாருடைய வீட்டுக்கோ கூரை போடப் போவதுபோல் பேசுவார். பெரிய உடம்பு, பெரிய குரல். அந்தக் குரல் அந்த மாதம் பாதியாகிவிட்டது.

ஆபீசில் நாலு கம்ப்யூட்டர். நாலிலிருந்தும் வயர் சுவரோரமாக ஓடி, மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் ஒரு பெட்டியில் சேரும். அவரவர் படம் அவரவர் கம்ப்யூட்டரில் இருக்கும், கணக்கு மட்டும் தங்கச்சியிடம்தான். சாயங்காலம் ஆபீஸ் மூடுமுன், அன்றைக்கு யார் யார் எந்தப் படத்தைத் தொட்டார்களோ அதையெல்லாம் அவள் கையாலேயே ஒரு சின்ன டிஸ்க்கில் காப்பி எடுப்பாள். டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றிச் சமையலறை மாவு டப்பாவில் வைப்பாள். "திருடன் வந்தா கம்ப்யூட்டரைத் தூக்குவான். மாவு டப்பாவையா தூக்குவான்?" என்பாள். பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து எடுத்துவிட்டுப் போவாள்.

"இனிமே நீ இதெல்லாம் பண்ணக் கூடாது. ரெஸ்ட் எடு" என்றார் இன்ஜினியர். "இதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு. ஃப்ரீயாவே கெடைக்குது. தானா காப்பி எடுத்து வெச்சுக்கும். மனுஷனே வேணாம்."

"சரி, பாருங்க" என்றாள். மாவு ஒட்டிய கைக்குட்டையோடு டிஸ்க்கை அவர் கையில் கொடுத்தாள். ஆபீஸ் சாவிக்கொத்தையும் அவர் அன்றைக்கே வாங்கி வைத்துக்கொண்டார். பாசத்தில்தான் செய்தார். எனக்கும் அப்போது அது பாசமாகத்தான் தெரிந்தது.

மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து ஐந்தாவதாக வயரில் சேர்த்தார். காப்பி எல்லாம் அதில் போய்ச் சேர வேண்டும். முதலில் அவர் இறக்கிய சாஃப்ட்வேருக்கு நாங்கள் வைத்த பெயர் கண்ணாடி. இந்தப் பக்கம் இருப்பதை அந்தப் பக்கம் அப்படியே காட்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். போடுவதும் சுலபம். மதியம் ஒரு மணிக்கு ஓடும்படி வைத்தார். அந்த நேரம் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவோம், கம்ப்யூட்டர்கள் சும்மாதான் இருக்கும். யோசனை நல்ல யோசனைதான். அதில் ஒருத்தரைக் கேட்க மறந்துவிட்டார்.

எட்டு நாள் கழித்து, எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று திறந்து பார்த்தால், கடைசியாகக் காப்பி எடுத்த தேதி என்ற இடத்தில் 'இதுவரை இல்லை' என்று இருந்தது. இன்ஜினியர் வயரைப் பிடுங்கிச் சொருகினார். பெட்டியைத் தட்டினார். ஸ்கேலைத் திட்டினார். சோற்றுக் கரண்டியோடு வந்து நின்ற அக்கா கேட்டாள்:

"ஒரு மணிக்கா? ஒரு மணிக்கு நான்தான் ஆபீஸ் மெயின் சுவிட்சை அணைச்சுடறேனே."

"ஏங்கா அணைக்கறே?"

"தெனமும்தான் அணைக்கறேன். மதியம் கரண்ட்டு போகுதுன்னா நெனச்சீங்க? நீங்கள்லாம் உக்காந்து சாப்பிடறீங்க. அதுங்க மட்டும் உர்ருன்னு ஓடிக்கிட்டே இருக்கணுமா? அதுங்களுக்கும் சூடு ஆற வேணாமா?"

"அக்கா, அந்த நேரத்துலதான் அது காப்பி எடுக்கும்."

"எடுக்கட்டும், யாரு வேணாங்கறா? சாப்பிட்டு வந்து எடுக்கட்டும்."

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு ஏறியதும் மூச்சு வாங்கியது. அவள் நெஞ்சில் கை வைத்ததைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

இரண்டு நாள் கெஞ்சி அக்காவைச் சம்மதிக்க வைத்தார்கள். அக்கா மெயினில் கை வைக்காத முதல் நாள், கண்ணாடி சரியாக ஒரு மணிக்கு ஓடியது. அன்றைக்குப் பார்த்தா ஸ்கேல் அந்தக் காரியத்தைச் செய்ய வேண்டும்? அவனுக்கு ஒரு பழக்கம். புதுப் படத்தை வெறும் தாளில் தொடங்க மாட்டான். பழைய படம் ஒன்றைத் திறந்து, வேண்டாததை அழித்துவிட்டு, வேறு பெயர் கொடுத்து வைத்துக்கொள்வான். அன்று பேக்கரிக்காரர் வீட்டுக்காகப் பல் டாக்டர் வீட்டைத் திறந்து, மாடி முழுவதையும் அழித்தான். பெயர் மாற்ற மறந்து அப்படியே சேமித்துவிட்டு எழுந்து சாப்பிட வந்துவிட்டான். குண்டூசி டப்பா நினைப்பில் இருந்திருப்பான்.

நாலு மணிக்குப் பல் டாக்டர் போன் செய்தார். கொத்தனார் நிற்கிறார், மாடி பால்கனி எத்தனை அடி என்று கேட்டார். படத்தைத் திறந்தால் மாடியைக் காணோம். ஐந்தாவது கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். கண்ணாடி தன் கடமையைச் செய்திருந்தது. அங்கேயும் மாடி இல்லை. மாவு டப்பா டிஸ்க்கில் இருந்தது பழைய அளவுகள். பல் டாக்டர் அதற்குப் பிறகு மூன்று தடவை மாடியை மாற்றிவிட்டார்.

அக்கா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "நான் மெயினை அணைச்சு வெச்சிருந்தா அந்த மாடி பொழச்சிருக்கும்" என்றாள்.

என் கடையில் அச்சு கெட்ட தாளை நான் எறிவதில்லை. பொட்டலம் கட்ட உதவும். அந்த மாதம் முழுக்க மழை; தாள் ஈரம் குடித்துச் சுருங்கி, பாதிப் படங்கள் கோடு இழுத்துக்கொண்டு கெட்டன. அந்தக் கட்டைத் துழாவியதில், கடைசியாக மாற்றிய பல் டாக்டர் மாடி, நடுவில் நீலப் பட்டை ஓடியது ஒன்று கிடைத்தது. அன்றைக்கு நான்தான் அந்த ஆபீசுக்குப் பேக்கப். ஸ்கேல் அதை முன்னால் விரித்துக்கொண்டு மூன்று நாள் வரைந்தான். தங்கச்சி சிவப்புப் பேனாவோடு அவன் முதுகுக்குப் பின்னால் வந்து வந்து நின்றாள். "படி பதினேழுடா. நீ பதினாறு போட்டிருக்கே. கடைசிப் படிக்கு டாக்டர் குதிச்சா ஏறுவாரு?" என்பாள். இன்ஜினியர் வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் பின்பக்கம் அனுப்பிவைப்பார். ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடு என்று அந்த வாரத்தில் அவர் சொன்னதை எண்ணினால் நூறைத் தாண்டும்.

அப்போதுதான் எல்லாருக்கும் ஒன்று புரிந்தது. இன்றைக்கு இருப்பதைக் காப்பி எடுத்தால் போதாது. நேற்று இருந்தது, முந்தாநாள் இருந்தது என்று ஒவ்வொரு நாளையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி வைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை இன்ஜினியர் கண்டுபிடித்தார். அதன் முகப்பில் குடைப் படம் போட்டிருந்தது. எல்லாம் பச்சை நிறத்தில் பளிச்சென்று இருக்கும். வேலை முடிந்ததும், உங்கள் கோப்புகள் பத்திரம் என்று மரியாதையாகச் சொல்லும். இன்ஜினியருக்கு அதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. டீ குடிக்கும் நேரத்தில் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளியே மழை வலுத்துப் பெய்துகொண்டிருந்தது.

"பழசை எத்தனை நாள் வெச்சிருக்கும்?" என்று கேட்டாள்.

"முப்பது நாள்."

"அதுக்கப்புறம்?"

"அழிச்சுடும். ஃப்ரீயா குடுக்கறவன் அவ்வளவுதான் குடுப்பான்."

"அப்ப இது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"முப்பது நாள் பத்தாது."

"ஏம்மா, ஒரு தப்பு நடந்தா அன்னைக்கே தெரிஞ்சுடப் போகுது. இல்லைன்னா மறுநாள். முப்பது நாள் கழிச்சு யாரு வந்து பாக்கப் போறா?"

அவள் டீ கிளாசைப் பாதியில் கீழே வைத்தாள். "ஆமா, யாரும் வர மாட்டாங்க. உங்க இஷ்டம்போல பண்ணுங்க" என்று எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

அதோடு பேச்சு நின்றது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் வழியாகவும் அக்கா வழியாகவும் பேசினார்கள். "அண்ணே, மாத்திரை தீந்துபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்பாள். அவர் என் பக்கத்துத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். "வாங்கியாச்சுன்னு சொல்லுங்க மச்சான்" என்பார். குடை ஓடவில்லை. அவள் சம்மதிக்காமல் அதைப் போட அவருக்கு மனசு வரவில்லை, அதைக் கைவிடவும் மனசு வரவில்லை.

ஒரு வாரம் ஆனதும் கீழே வந்து என் அச்சு மெஷின்மேல் கை ஊன்றிக்கொண்டு புலம்பினார். "பிடிவாதம் மச்சான். அவ கையால பண்ணாத எதுவும் அவளுக்கு ஆகாது. அந்த வேலைக்கு இன்னும் பத்து பன்னெண்டு நாள்தான் இருக்கு. இந்த நேரத்துல போயி முப்பது நாளா, நாப்பது நாளான்னு மல்லுக்கு நின்னா என்ன பண்றது? நீங்க சொன்னா கேப்பா. ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்லத்தான் போனேன். தங்கச்சி நீள மேசையில் கட்டிட அனுமதிக்குப் போக வேண்டிய படங்களை மடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு கை வேண்டும். கதவளவு தாளை விசிறிபோல் மடித்து, பெயரும் அளவும் எழுதிய மூலை மட்டும் மேலே தெரிகிற மாதிரி கொண்டுவர வேண்டும். நான் மடித்தால் அந்த மூலை எங்கேயாவது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் பார்க்காமலே மடிப்பாள்.

"நீங்க யாரு சார்பா வந்திருக்கீங்க?" என்றாள், நிமிராமல்.

"நியாயத்து சார்பா."

"அப்ப உக்காருங்க. அது இன்னும் வரல."

உட்கார்ந்தேன். இன்ஜினியர் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒப்பித்தேன். குடை நல்ல சாமான், கையைச் சுடாது, ஸ்கேலுக்கே புரிகிறது, நீ நிம்மதியாகப் போய்வரலாம் என்றேன். அவள் ஒரு தாளை முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"அண்ணே, ஸ்கேல் குண்டூசி டப்பாவுல என்ன இருக்கு?"

நான் திருதிருவென்று விழித்தேன்.

"எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. இருக்கட்டும். இந்த ஆபீசுல எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், அதுக்காகச் சொல்றேன். இப்ப கேளுங்க. பதினெட்டாம் தேதி போறேன். மூணு மாசம் இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. தொண்ணூறு நாள். தொண்ணூத்தி ஒண்ணாவது நாள் நான் வந்து இந்த நாற்காலியில உக்காருவேன்ல? நான் போன மொத நாள் அவன் எதை அழிச்சான், ரெண்டாவது நாள் எந்தப் படியை முழுங்கினான்னு நான் பாக்க வேணாமா? படத்துல பண்ற தப்பு அன்னைக்கேவா தெரியுது? செவரு எழும்பி, நெலை வெச்சு, கதவு மாட்டும்போது இடிக்குதுன்னு வந்து நிப்பாங்க. மூணு மாசம் ஆகும் அதுக்கு. முப்பது நாள்ல எல்லாத்தையும் தொடச்சு விட்டுட்டா, நான் வந்து எதைப் பாக்கறது?"

"இதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எதுக்குச் சொல்லணும்? முப்பது நாள் கழிச்சு யாரு வந்து பாக்கப் போறான்னு அவரே கேட்டுட்டாரு. நீங்களும்தான் கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"அவர் அந்த அர்த்தத்துல சொல்லலம்மா."

"தெரியும். தெரிஞ்சாலும் வலிக்குது. என்ன பண்றது?"

மடித்த தாளின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். "மாவு டப்பாவை வாங்கிக்கிட்டாரு. சாவியை வாங்கிக்கிட்டாரு. பேனாவைப் பிடுங்கிக்கிட்டாரு. எல்லாம் என் நல்லதுக்குத்தான். ஆனா அண்ணே, வீடு காலி பண்ணும்போது ஒவ்வொரு சாமானா எறக்குவாங்கள்ல, அந்த மாதிரி இருக்கு எனக்கு. இவ திரும்பி வருவான்னு இந்த வீட்ல ஒருத்தராவது கணக்குல வெச்சுக்க வேணாமா?"

குடையும் வேண்டாம் கண்ணாடியும் வேண்டாம் என்று கீழே இறங்கி வந்துவிட்டேன். அவள் கேட்டது இத்தனை நாளும் என் காதிலும்தான் விழுந்தது. கேட்டது எத்தனை நாள் என்றுதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்கிற புத்தி எங்கள் ஒருத்தருக்கும் இல்லாமல் போயிற்று.

இன்ஜினியர் சாயங்காலம் வந்தார். நான் ஒன்றும் மறைக்கவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவள் மூச்சு வாங்க உட்காரும் ஸ்டூல் அது, அவருக்குச் சின்னது.

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொன்னீங்க."

"மச்சான், உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குப் பதினெட்டாம் தேதிக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியல. காலண்டரைப் பாத்தா அதோட நின்னுடுது. அடுத்த தாளைத் திருப்பவே கை வர மாட்டேங்குது. குடையில முப்பது நாள்னு போட்டிருந்துச்சா, அவ்வளவு தூரம் ஒண்ணு போகுதேன்னு எனக்கு ஆறுதலா இருந்துச்சு. அவ இல்லாம ஆபீசை நடத்த நான் தயாராயிட்டேன்னு அவ நெனக்கறா. நான் எதுக்குமே தயாரா இல்ல மச்சான். ராத்திரி அவ மூச்சு விடறாளான்னு பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன்."

"இதை மேல போய்ச் சொல்லுங்க."

"வாய் வரலியே."

"வாய் வரலைன்னா கையாலயாவது பண்ணுங்க."

மறுநாளிலிருந்து அவர் வேறு சாஃப்ட்வேர் தேட ஆரம்பித்தார். தேடினார் என்றால், சாதாரணத் தேடல் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். ஒன்று எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று நம்மையே கேட்டது, ஆனால் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் இலவசம். ஒன்று வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஆபீசில் போட்டால் அது திருட்டு, அப்படிக் காப்பி எடுத்து என்ன பாதுகாப்பு என்று விட்டுவிட்டார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. முகப்பில் ஆமைப் படம். பார்க்க லட்சணம் கிடையாது. திரை முழுக்க எழுத்து. நாலு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகப் போட்டு, ஐந்தாவதோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஸ்கேல் குறிப்புத் தாளைப் பிடித்துக்கொள்ள, இன்ஜினியர் மேசைக்கு மேசை தவழ்ந்தார். இரண்டு நாள் அது அசையவே இல்லை. மூன்றாம் நாள் நகர்ந்து, சோதனைக்கு ஒரு காப்பி எடுத்தது.

பதினாலாம் தேதி பன்னிரண்டரை மணி இருக்கும். மழை விட்டு வெயில் அடித்தது. நான் சாப்பிடுவதற்கு முன்னதாகவே மேலே போய்விட்டேன்; அழைக்காமலே போகிறவனுக்கு நேரம் ஒரு கணக்கா? இன்ஜினியர் நடுக்கதவில் நின்று பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் இங்க வர்றியா? ஒண்ணு பாக்கணும்."

பல நாளுக்குப் பிறகு அவளிடம் அவர் நேராகச் சொன்ன வார்த்தை அது. அவள் வந்தாள். அவளுடைய நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"நீ பாத்துச் சரின்னு சொன்னாத்தான் இதை வெச்சுக்குவேன். எப்படிச் சோதிக்கணுமோ சோதிச்சுக்கோ."

அவள் திரையைப் பார்த்தாள். ஆமையைப் பார்த்தாள். "ஸ்கேல், பல் டாக்டர் வீட்டைத் தெற" என்றாள். அவன் திறந்தான். "பால்கனியை அழி."

அவன் முகம் செத்துவிட்டது. "மேடம், மூணு நாள் வரைஞ்சது."

"அழிடா. அழிச்சுட்டு சேமிச்சு மூடு. பேரு மாத்தாத. உனக்குத்தான் அது நல்லா வருமே."

அழித்தான். இன்ஜினியர் ஐந்தாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நேற்றைய தேதியைத் தேடி, அந்த ஒரு படத்தை மட்டும் திருப்பிக் கேட்டார். ஆமை யோசித்தது. நாங்கள் நாலு பேரும் திரையையே பார்த்தோம். அக்கா கரண்டியோடு வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள். எதைப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. நிதானமாக, பால்கனி கம்பிகளோடு சேர்த்து, பல் டாக்டர் வீடு திரும்பி வந்தது.

"ரொம்ப மெதுவா வருது" என்றான் ஸ்கேல்.

"வருதுல்ல, அது போதும்" என்றாள் தங்கச்சி.

அடுத்த திரையில், பழைய காப்பிகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டு ஒரு கட்டம் காலியாக இருந்தது. இன்ஜினியர் அதில் விரலால் தொண்ணூறு என்று அடித்தார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"டாக்டர் மூணு மாசம்னு சொன்னாரு. நீ வந்து உக்காந்து, மொத நாள்லேர்ந்து யாரு என்னென்ன கெடுத்து வெச்சிருக்கோம்னு பாக்கணும்ல. ஒண்ணு விடாம இருக்கும். அன்னைக்கு முப்பது நாள்னு ஒளறிட்டேன். அதுக்கு மேல நெனச்சுப் பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். "அண்ணனுக்கு வாய் நிக்காதே" என்றாள். திட்டுகிற குரலாக இல்லை.

திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது. ஸ்கேல் குனிந்து படித்தான். "தொண்ணூறு நாளைக்கு எடம் பத்தாதுங்குது சார்."

"எடம் பண்ணிக்கலாம்" என்றார் இன்ஜினியர்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தவை அவருடைய சினிமாப் படங்கள். பத்து வருஷமாகச் சேர்த்தவை. ஒருத்தரைத் தொட விட மாட்டார். வரிசையாகப் பிடித்து அழிக்க ஆரம்பித்தார். சண்டைப் படங்கள் போயின, பேய்ப் படங்கள் போயின. சிரிப்புப் படங்கள் பக்கம் வந்ததும் தங்கச்சி அவர் கையைப் பிடித்தாள்.

"அதை விடுங்க. நான் மூணு மாசம் படுத்துக்கிட்டு மோட்டுவளையையா பாக்கறது?"

"சிரிச்சா உனக்கு மூச்சு வாங்குமே."

"அதுக்குத்தானே சரிபண்ணப் போறாங்க."

சிவப்பு வரி மறைந்தது. இடம் தாராளமாக இருப்பதாக ஆமை ஒப்புக்கொண்டது. அக்கா பின்பக்கத்திலிருந்து சோறு ஆறுகிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இன்ஜினியர் முடிக்கிற பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். தங்கச்சி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தொண்ணூறை அழித்தாள். நூறு என்று போட்டாள்.

"நூறு எதுக்கு?" என்று கேட்டார்.

"வந்து உக்காந்த அன்னைக்கே எல்லாத்தையும் பாத்துட முடியுமா? பத்து நாளாவது ஆகும். மெதுவாத்தான் பாப்பேன். இன்னும் முடியலையா, இன்னும் முடியலையான்னு பக்கத்துல வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்" என்றார் இன்ஜினியர். எங்கள் எல்லாருக்கும் முன்னாலேயே அழுதார். தங்கச்சி ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, இன்னொரு கையால் அந்தப் பொத்தானைத் தானே அழுத்தினாள்.